ஒரு தீவை விலைக்கு வாங்கிய அறுபது சொச்சம் பேர்

மகள் கிளாஸ்கோவில் குடியேறி எட்டு வருடம் கழித்துத்தான் எங்களுக்கு அங்கே போய்த் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. 2018 கோடைக்காலம். எடின்பரோ கோட்டை, ஏரிகள், கடைவீதி என்று வழக்கமாகக் காட்டுகிற இடங்களையெல்லாம் காட்டி முடித்த பிறகு, "அப்பா, உங்களுக்குன்னு எங்கயாவது போகணுமா?" என்று கேட்டாள். நான் ஒரு பெயரைச் சொன்னேன். அவளுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை. எழுதிக் காட்டினேன். ஆங்கிலத்தில் முட்டைக்கு என்ன உச்சரிப்போ அதேதான்: எக். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவு.

"அங்க என்னப்பா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. நூறு பேர் இருக்காங்க" என்றேன்.

1997-ல் நான் மதுரையில் ஒரு கிளையில் மேலாளராக இருந்தபோது, ஆங்கிலப் பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு விரற்கடை அளவுக்கு ஒரு செய்தி பார்த்தேன். ஒரு தீவில் குடியிருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து அந்தத் தீவையே விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று. அதைக் கத்தரித்து டைரிக்குள் வைத்தேன். ஏன் வைத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தீவின் கதை.

கிளாஸ்கோவிலிருந்து மலேய்க் துறைமுகத்துக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஹாரி பாட்டர் படத்தில் வரும் கிளென்ஃபின்னன் வளைவுப் பாலம் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. பாலம் வந்தபோது பெட்டியில் இருந்த எல்லோரும் எழுந்து படம் எடுத்தார்கள். எனக்கு அதைவிட வழியெல்லாம் தெரிந்த வெறுமைதான் ஆச்சரியம். மலை, புல், ஓடை, ஆடு. மறுபடி மலை. ஹைலேண்ட் நிர்வாகப் பகுதி மொத்தம் 25,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், நம் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் பேர்கூடக் கிடையாது. நம் மாநிலத்தில் 2011 கணக்குப்படி 555 பேர்.

"குளிர் அதிகம், மண் சரியில்ல, அதான் யாரும் இல்ல போல" என்றாள் என் மனைவி. நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தால், ஆள் இல்லாத சரிவுகளில் கூரையில்லாத கல் சுவர்கள் அங்கங்கே நிற்கின்றன. ஒரு காலத்தில் ஆள் இருந்திருக்கிறார்கள்.

அந்தக் கதை இதுதான். ஹைலேண்ட் பகுதியில் பழைய நாளில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தலைவர் உண்டு. நிலம் தலைவர் பெயரில் இருந்தாலும், குலத்தாருக்கு அங்கே குடியிருக்கப் பரம்பரை உரிமை இருப்பதாகத்தான் மக்கள் நம்பினார்கள். தலைவர் சண்டைக்குக் கூப்பிட்டால் இவர்கள் போவார்கள். 1746-ல் கலோடன் போரில் பிரிட்டிஷ் அரசின் படை ஹைலேண்ட் படையை நொறுக்கிய பிறகு அந்த ஏற்பாடு குலைந்தது. தலைவர்களுக்கு இனி வாள் பிடிக்கும் ஆள் தேவையில்லை. லண்டன் வாழ்க்கைக்குப் பணம்தான் தேவை. குடியானவனைவிட ஆடு அதிக வருமானம் தந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சுமார் நூறு வருடம், ஊர் ஊராக மக்களை வெளியேற்றி ஆட்டுப் பண்ணை வைத்தார்கள். போனவர்கள் கடற்கரையோரத் துண்டு நிலங்களுக்கும், கிளாஸ்கோ ஆலைகளுக்கும், கனடாவுக்கும், ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள்.

கடன்பட்ட குலத்தலைவர்கள் நிலத்தை விற்றார்கள். வாங்கியவர்களின் பட்டியலில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1844-ல் லூயிஸ் என்ற பெரிய தீவை வாங்கியவர் ஜேம்ஸ் மாதசன். ஜார்டின் மாதசன் கம்பெனியின் பங்குதாரர். அவருடைய சொத்து இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனாவில் விற்றுச் சேர்த்தது. மால்வாவின் கசகசா வயலும் இந்தக் குளிர்ந்த தீவும் இப்படி ஒரே கணக்கில் வருகின்றன.

எக் தீவுக்கும் இதே கதிதான். நீளம் சுமார் ஒன்பது கிலோமீட்டர், அகலம் ஐந்து. பரப்பு 31 சதுர கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். 1820-களின் பிற்பகுதியில் குலத்தலைவர் இதை அபர்டீன் பேராசிரியர் ஒருவருக்கு விற்றார். 1853-ல் தெற்கே இருந்த குருலின் என்ற ஊரிலிருந்து 14 குடும்பங்களை வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினார்கள். அந்த வீட்டுச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

1882-ல் பக்கத்துத் தீவான ஸ்கையில் பிரேய்ஸ் என்ற இடத்தில் மேய்ச்சல் நிலத்துக்காக மக்கள் போலீசோடு மோதினார்கள். அதன்பிறகு அரசு ஒரு விசாரணைக் குழு போட்டு, 1886-ல் சட்டம் கொண்டுவந்தது. துண்டு நிலம் வைத்திருந்த சிறுகுடியானவனை இனி நினைத்தபடி வெளியேற்ற முடியாது. குத்தகையும் நியாயமாக நிர்ணயிக்கப்படும். உரிமை பிள்ளைக்குப் போகும். நல்ல சட்டம். ஆனால் நிலம் நிலவுடைமையாளருடையதாகவே இருந்தது. அவர் தீவோடு சேர்த்து இவர்களையும் அடுத்தவருக்கு விற்கலாம்.

இந்த இடத்தில் நம் ஊரை நினைத்துப் பார்க்கலாம். சென்னை மாகாணத்தில் 1948-லேயே எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்கள் போயின. நடைமுறையில் எத்தனை ஓட்டை இருந்தாலும், சட்டம் வந்தது. ஸ்காட்லாந்தில் பழைய நிலப்பிரபுத்துவ உரிமை முறை சட்டப்படி ஒழிந்தது 2004 நவம்பரில்தான். உலகத்துக்கெல்லாம் நாகரிகம் சொல்லிக்கொடுத்த நாட்டில்! இந்தத் தேதியைப் படித்தபோது அச்சுப்பிழையோ என்று இரண்டு புத்தகங்களில் சரிபார்த்தேன்.

இருபதாம் நூற்றாண்டில் எக் தீவு கைமாறிக்கொண்டே இருந்தது. 1925 முதல் 1966 வரை கப்பல் கம்பெனி நடத்திய ரன்சிமன் குடும்பத்திடம் இருந்தது. அவர்கள் கோடைக்கு வந்து தங்குவார்கள். தீவை ஒழுங்காகப் பராமரித்தார்கள் என்று நல்ல பெயர். 1975-ல் கீத் ஷெல்லன்பர்க் என்ற தொழிலதிபர் வாங்கினார். குளிர்கால ஒலிம்பிக்கில் சறுக்குவண்டி ஓட்டியவர். சுற்றுலா, வேலை என்று முதலில் சில வருடம் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. போகப் போகக் குடியிருப்பவர்களுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை.

சிக்கலின் மையம் குத்தகைதான். தீவில் இருந்த பெரும்பாலோருக்கு நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாததால் வீட்டைச் செப்பனிட அரசு மானியம் கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. கூரை ஒழுகும், ஒழுகுகிற கூரையைச் சொந்தக் காசில் மாற்றினால் நாளைக்கு யார் வீட்டில் யார் இருப்பார்களோ தெரியாது. இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். ஆள் குறையக் குறைய கடை, பள்ளிக்கூடம், படகு எல்லாமே கேள்விக்குறியாகும். ஆள் குறைந்த ஊர்களின் நோய் இது. நான் வேலை பார்த்த வறட்சித் தாலுகாக்களிலும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

1991-ல் தீவை மக்கள் கைக்குக் கொண்டுவர ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். தொடங்கிய நாலு பேரில் ஒருவர் அலஸ்டேர் மெக்கின்டாஷ்; பின்னாளில் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அப்போது அதைப் பலரும் கனவு என்றுதான் நினைத்தார்கள். 1994 தொடக்கத்தில் ஒரு இரவு ஷெல்லன்பர்கின் பழைய ரோல்ஸ்ராய்ஸ் கார் எரிந்துபோனது. யார் செய்தது என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. 1995-ல் அவர் தீவை மருமா என்ற பெயரில் அறியப்பட்ட ஒரு ஜெர்மானிய ஓவியருக்கு விற்றார். ஓவியர் நிறைய வாக்குறுதி கொடுத்தார். மொத்தமாகச் சில நாட்கள்தான் தீவில் தங்கினார். அதற்குள் தீவையே ஈடாக வைத்துக் கடன் வாங்கியிருந்தார். 1996-ல் தீவு மறுபடி சந்தைக்கு வந்தது.

ஓய்வுபெற்ற வங்கிக்காரனாக இந்த இடத்தில் எனக்கு ஒரு கசப்பான சிரிப்பு வரும். அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்குக் கூரை மாற்றக் கடன் இல்லை, ஏனென்றால் பத்திரம் இல்லை. சில நாள் வந்துபோனவருக்குத் தீவையே அடகு வைக்க முடிந்தது, ஏனென்றால் பத்திரம் இருந்தது. இதில் எந்த வங்கியும் விதியை மீறவில்லை.

இந்த முறை மக்கள் தயாராக இருந்தார்கள். தீவுவாசிகள் சங்கம், ஹைலேண்ட் கவுன்சில், ஸ்காட்டிஷ் வனவுயிர் அறக்கட்டளை என்று மூன்று தரப்பு சேர்ந்து புதிய அறக்கட்டளை அமைத்தார்கள். நிர்வாகக் குழுவில் தீவுவாசிகள் நாலு பேர், மற்ற இரண்டு தரப்பிலிருந்தும் இரண்டிரண்டு பேர், நடுநிலைத் தலைவர் ஒருவர். தனியாகப் போனால் 'இவர்களால் நடத்த முடியுமா' என்று கேட்பார்கள். இரண்டு பெரிய பெயர்கள் பக்கத்தில் இருந்தால் கேட்க மாட்டார்கள். நல்ல ஏற்பாடு. ஆனாலும் லாட்டரி வருமானத்திலிருந்து பாரம்பரியச் சின்னங்களுக்குப் பணம் தரும் அமைப்பு கைவிரித்துவிட்டது. அரசுப் பணமாக வந்தது மிகச் சொற்பம்.

பிறகு பொதுமக்களிடம் கேட்டார்கள். உலகம் முழுவதிலுமிருந்து சுமார் 10,000 பேர் தங்களால் முடிந்ததை அனுப்பினார்கள். வடக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி, பெயர் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு விலையில் பெரும்பகுதியைக் கொடுத்தார். இன்றுவரை அவர் பெயர் வெளியே வரவில்லை. 1997 ஜூன் 12. சுமார் 15 லட்சம் பவுண்டுக்குத் தீவு கைமாறியது. அன்று அங்கே குடியிருந்தவர்கள் குழந்தைகளையும் சேர்த்து அறுபது சொச்சம் பேர்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1984. இராமநாதபுரம் சீமையில் ஒரு சின்னக் கிளைக்கு முதல்முறையாக மேலாளராகப் போயிருந்தேன். வயது முப்பத்திரண்டு. கிளை என்றால் ஒரு ஓட்டு வீடு, ஒரு காசாளர், ஒரு எழுத்தர், ஒரு கடைநிலை ஊழியர். சுற்றிலும் மானாவாரி நிலம். மழை பெய்தால் நெல், மிளகாய், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். ஊர்களும் தூரம் தூரமாக இருக்கும்.

ஒருநாள் காலையில் ஒரு பெரியவரும் அவரோடு ஏழெட்டுப் பேரும் வந்தார்கள். ஊர் பெயர் வேண்டாம். 19 குடும்பம் உள்ள சின்னக் குடியிருப்பு. அவர்கள் தலைமுறையாக வாரத்துக்கு உழுத நிலம் 38 ஏக்கர். உடைமையாளர் சென்னையில் இருந்தார். மகள் கல்யாணத்துக்காக விற்கப்போகிறார். ஏக்கருக்கு 1,500 ரூபாய். மொத்தம் 57,000. "எங்ககிட்ட ஒம்பதாயிரம் இருக்குதுங்கய்யா. பாக்கியப் பேங்குல குடுத்தீங்கன்னா பத்து வருசத்துல கட்டிப்புடுவோம்" என்றார் பெரியவர். துண்டில் முடிந்து பணத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

நான் அவர்களை உட்காரவைத்து, டீ வரவழைத்து, மிகவும் மரியாதையாக மறுத்தேன். கிணறு வெட்டக் கடன் உண்டு, ஆயில் இன்ஜினுக்கு உண்டு, கறவை மாட்டுக்கு உண்டு. நிலம் வாங்குவதற்கு இல்லை. அதுவும் 19 பேர் கூட்டாக வாங்குவதென்றால் யார் பெயரில் கடன், யாருடைய பட்டா ஈடு, யார் ஜாமீன்? ஒருவர் கட்டாவிட்டால் யாரைப் பிடிப்பது?

பெரியவர் கடைசியில் கேட்டார்: "நாங்க அங்கனதானேய்யா இருக்கப் போறோம். எங்க போயிருவோம்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பத்தில் அதை எழுத ஒரு கட்டமும் இல்லை.

விதிப்படி நான் செய்தது சரி. இன்று கேட்டாலும் தணிக்கையாளர் அதையே சொல்வார். ஆனால் ஒன்று செய்திருக்கலாம். மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்யச் சொல்லி வழிகாட்டியிருக்கலாம். தஞ்சைப் பக்கம் கிருஷ்ணம்மாளும் ஜகந்நாதனும் 1981-ல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, உடைமையாளர்களோடு பேசி விலை முடித்து, கடன் ஏற்பாடு செய்து, நிலமில்லாதவர்கள் பெயரில் நிலம் வாங்கிக்கொடுத்துக் கொண்டிருந்தார்கள். நான் இங்கே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வருடங்களில், இருநூறு கிலோமீட்டருக்குள் ஒருவர் அதை முடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. மூன்று வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போவதிலேயே குறியாக இருந்தேன்.

நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். 1999-ல் ஒரு கல்யாணத்துக்காக அந்த வழியாகப் பேருந்தில் போனேன். 38 ஏக்கரும் கருவேலங்காடு. கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. டீக்கடையில் விசாரித்தேன். பெரியவர் போய்விட்டார். ஏழெட்டுக் குடும்பம்தான் பாக்கி. பெரியவரின் மகன் அந்த மூட்டத்தில்தான் கூலி வேலை. மற்றவர்கள் திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். அப்போது என் டைரிக்குள் எக் தீவுச் செய்தி இரண்டு வருடமாக இருந்தது.

அதனால்தான் மகளிடம் அந்தப் பெயரைச் சொன்னேன்.

மலேய்கில் ஒரு இரவு தங்கி, மறுநாள் படகில் போனோம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். தூரத்திலேயே ஸ்கூர் என்ற கரும்பாறை முகடு தெரிகிறது. கடலுக்குமேல் 393 மீட்டர். நம் யானைமலையை இன்னும் செங்குத்தாக நிமிர்த்தி வைத்த மாதிரி. படகுத்துறை 2004-ல் வந்தது. அதற்கு முன்பு பெரிய படகு கரைக்கே வராது. நடுக்கடலில் சின்னப் படகுக்கு மாறித்தான் இறங்க வேண்டும், ஆடு மாடும் அப்படித்தான். கரையில் கடை, தேநீர் விடுதி, கைவினைப் பொருள் விற்கும் இடம் எல்லாம் சேர்ந்த ஒரு கட்டடம். தீவு கைக்கு வந்ததும் மக்கள் முதலில் கட்டியவற்றில் அது ஒன்று. கூடவே குத்தகைப் பத்திரங்கள் எழுதிக்கொடுத்தார்கள், ஒழுகின வீடுகளைச் செப்பனிட்டார்கள். பிரமாதமாக ஒன்றுமில்லை. கூரை, கடை, துறை. வரிசையைப் பாருங்கள்.

பெரிய வேலை மின்சாரம். தீவுக்கு வெளியிலிருந்து கம்பி கிடையாது. 2008 வரை பெரும்பாலான வீடுகள் சொந்த டீசல் இன்ஜின் ஓட்டின. கடலடியில் கம்பி போடுவது கட்டுப்படியாகாத செலவு. அதனால் சொந்தமாகவே மின் கம்பெனி தொடங்கினார்கள். ஓடையில் சுமார் 100 கிலோவாட் நீர்மின் நிலையம், இரண்டு சின்ன நீர்மின் கருவிகள், நாலு காற்றாலை, சூரியத் தகடுகள், ஒரு அறை நிறைய பேட்டரி. எல்லாம் பழுதானால் டீசல். கம்பியைப் பூமிக்குள் புதைத்தார்கள். 2008 பிப்ரவரி 1 அன்று விளக்கெரிந்தது. வருடத்தில் பத்தில் ஒன்பது பங்கு மின்சாரம் காற்று, நீர், வெயிலிலிருந்தே கிடைக்கிறது.

எனக்குப் பிடித்தது அவர்கள் போட்ட விதி. ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட். கடை, தொழிலுக்கு 10. யாராக இருந்தாலும் அவ்வளவுதான். மீறினால் இணைப்பு தானாக அணைந்துவிடும். திரும்பப் போட அபராதம் கட்ட வேண்டும். காற்றும் மழையும் குறைந்தால் எல்லோரும் சிக்கனமாக இருக்கச் சொல்லி அறிவிப்பு வரும். மிச்சமாகும் நாளில் அந்த மின்சாரத்தால் பொதுக்கூடத்தையும் தேவாலயத்தையும் சூடாக்குவார்கள். தேநீர் விடுதியில் இருந்த பெண்மணியிடம் என் மகள் மூலம் கேட்டேன்: இந்தக் கட்டுப்பாடு சிரமமாக இல்லையா? அவர் சிரித்துக்கொண்டே, கெட்டிலும் சலவை இயந்திரமும் அடுப்பும் ஒரே நேரத்தில் எதற்கு என்றார். பிறகு, விதி போட்டது நாங்கள்தானே என்றார்.

இதே விதியை ஒரு நிலவுடைமையாளர் போட்டிருந்தால் அதே பெண்மணி என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே டீ குடித்தேன்.

எக் தீவு முதலாவது இல்லை. 1923-லேயே, லூயிஸ் தீவை வாங்கியிருந்த லீவர்ஹியூம் பிரபு (நம் வீட்டு சன்லைட் சோப்பு கம்பெனியின் சொந்தக்காரர்தான்) அங்கிருந்து விலகும்போது நிலத்தை மக்களுக்கே தருகிறேன் என்றார். ஸ்டோர்னவே பகுதி மட்டும் ஏற்றுக்கொண்டது. அந்த அறக்கட்டளை இன்றும் நடக்கிறது. 1993-ல் அசின்ட் பகுதியின் சிறுகுடியானவர்கள் 21,000 ஏக்கரைச் சுமார் 3 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் எக் மக்களுக்கும் தைரியம் வந்தது. எக்கைப் பார்த்து மற்றவர்களுக்கு வந்தது. 1999-ல் ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் அமைந்து, 2003-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. கிராமத்து மக்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால், நிலம் விற்பனைக்கு வரும்போது முதல் உரிமை அவர்களுக்கு. வாங்குவதற்கு நிதியும் உண்டு. 2006-ல் சவுத் யூயிஸ்ட் பகுதி மக்கள் 93,000 ஏக்கரை வாங்கினார்கள். இன்று மொத்தம் ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படி மக்கள் கையில் இருக்கிறது.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். 2002-ல் கீஹா என்ற தீவை மக்கள் 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். அதில் 10 லட்சத்தைத் திருப்பிக் கட்டியும் காட்டினார்கள். பிற்பாடு வீடுகளைச் செப்பனிட்ட செலவில் பெரிய கடன் ஏறிச் சில வருடம் திண்டாடினார்கள். எக் தீவிலும் கூட்டம், கமிட்டி, வாக்குவாதம் ஓயாது என்று அங்கிருப்பவர்களே சொல்கிறார்கள். நூறு பேர் இருக்கும் இடத்தில் சண்டை போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேறு தெருவும் இல்லை. பரந்த ஸ்காட்லாந்தில் இந்த ஐந்து லட்சம் ஏக்கர் நூற்றில் மூன்று பங்குதான். தனியார் நிலத்தில் பாதி இன்னும் ஐந்நூறு பேருக்கும் குறைவானவர்களிடம் இருக்கிறது.

ஆனாலும் ஒரு கணக்கு எனக்குப் போதும். 1997-ல் அறுபது சொச்சம் பேர். இப்போது நூற்றுக்கும் மேல். வெளியே படிக்கப்போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்து வீடு கட்டியிருக்கிறார்கள். நூற்றைம்பது வருடமாக ஆள் குறைந்துகொண்டே வந்த ஓர் இடத்தில் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. மண் மாறவில்லை, மழை மாறவில்லை, கடல் மாறவில்லை. பத்திரத்தில் இருக்கும் பெயர் மட்டும்தான் மாறியது.

திரும்பும் படகில் மகளிடம் பெரியவரின் கதையைச் சொன்னேன். முன்பு சொன்னதில்லை. கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். "நீங்க என்னப்பா பண்ணியிருக்க முடியும், ரூல்ஸ் அப்படி" என்றாள். மகள்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்தபின் அந்தப் பழைய கிளையில் இப்போது இருக்கும் இளம் மேலாளரைப் போய்ப் பார்த்தேன். சுய உதவிக் குழுக்களுக்கு ஜாமீனே கேட்காமல் கடன் தருகிறார்களாம். ஒருவர் கட்டாவிட்டால் குழுவே பார்த்துக்கொள்கிறது என்றார், ஏதோ ரொம்ப சாதாரண விஷயம் மாதிரி. "நிலம் வாங்கக் கேட்டா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கஷ்டம் சார். ஆனா கேட்டா எழுதிப் பார்க்கலாம்" என்றார். பெரியவரின் குடியிருப்புக்கு வழி கேட்டுக்கொண்டு போனேன். அஞ்சு வீடு இருக்கிறது. பேரன் ஒருவன் ஆடு வளர்க்கிறான். கருவேலங்காட்டின் உடைமையாளர் இப்போது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. பட்டா எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.